கயாக்கில் ஃப்ளவுண்டர் பிடிக்க முடியுமா? (பாஸ்டன், க்வின்சி பே)

கேள்வி | ஏப்ரல் 3

"அண்ணா, க்வின்சிக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. போன கோடையில் ஒரு கயாக் (துடுப்புப் போடுகிற சின்ன ஒற்றையாள் படகு) வாங்கி ஸ்ட்ரைப்பர் மீன் பிடித்துப் பழகினேன். இப்போது விண்டர் ஃப்ளவுண்டர் என்கிற தட்டை மீனின் காலம் என்கிறார்கள். தூண்டில் கடையில் நின்றுகொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன். 'அது மோட்டார் படகுக்காரர்கள் வேலை, நங்கூரம் போட்டு உட்கார வேண்டும், கயாக்கில் சரிப்படாது, அதோடு அந்த மீனே இப்போது கிடையாது' என்று சொல்லிவிட்டார். உண்மையா? யாராவது கயாக்கில் பிடித்திருக்கிறீர்களா?"

பதில் | ஏப்ரல் 3, இரவு

கயாக்கில் சரிப்படாது என்பது சுத்தமாகத் தவறு. இந்த மீனுக்கு வசந்த காலத்தில் கயாக்கைவிடப் பொருத்தமான படகு கிடையாது என்பேன். ஏப்ரல் கடைசியில் இது நிற்கிற இடம் ஆறடி, எட்டடி, சில நாள் நாலடித் தண்ணீர். அடியில் கறுப்புச் சேறு. பெரிய படகுக்காரர்கள் அங்கே வர யோசிப்பார்கள், வந்தாலும் சத்தத்தோடு வருவார்கள். நமக்கு ஒரு சாண் தண்ணீர் இருந்தால் போதும்.

மீனே கிடையாது என்பதில் பாதி உண்மை இருக்கிறது. அதைத் தனியாக எழுதுகிறேன், நீளமான கதை.

ஆனால் தம்பி, கேள்வியில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. போன கோடையில் பழகினேன் என்கிறீர்கள். கோடையில் என்ன உடுத்திக்கொண்டு போனீர்கள்? அதே உடையில் ஏப்ரலில் இறங்க நினைத்திருந்தால், தூண்டிலைப் பற்றிப் பேசுமுன் அதைப் பேச வேண்டும்.

ஏப்ரல் 4

நேற்று விட்ட இடம். இப்போது க்வின்சி பே தண்ணீர் 5, 6 டிகிரி. ஏப்ரல் முடியும்போது 8, 9 வரும். கரையில் வெயில் அடித்து 18 டிகிரி காட்டும், டி-ஷர்ட் போட்டுக்கொண்டு ஆட்கள் வொலஸ்டன் கடற்கரையில் நடப்பார்கள். அந்த வெயில்தான் ஆளை ஏமாற்றுகிறது. உடுத்த வேண்டியது காற்றுக்கு இல்லை, தண்ணீருக்கு.

குளிர்ந்த நீரில் விழுந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கே பயிற்சி வகுப்புகளில் 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்லித் தருகிறார்கள். முதல் 1 நிமிடம் மூச்சு நம் கையில் இருக்காது, தானாக விக்கி விக்கி இழுக்கும், அப்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் அங்கேயே முடிந்துவிடும். அடுத்த 10 நிமிடம்தான் கைவிரல்கள் சொன்னதைக் கேட்கும். அதற்கப்புறம் நினைவு போவதற்கு ஏறக்குறைய 1 மணி நேரம். பலரும் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தைத்தான் நினைத்துக்கொண்டு "நீந்திவிடலாம்" என்கிறார்கள். ஆனால் உயிர் போவது பெரும்பாலும் முதல் இரண்டு கட்டங்களில்.

நான் ட்ரை சூட் (தண்ணீர் உள்ளே புகாத முழு உடை) போட்டுக்கொண்டு, நண்பர் கரையில் நிற்க, இடுப்பளவு நீரில் வேண்டுமென்றே கவிழ்ந்து பார்த்திருக்கிறேன். உடம்பு காய்ந்தே இருந்தது. கையில் மட்டும் உறை போடவில்லை. கொஞ்ச நேரத்தில் லைஃப் ஜாக்கெட்டின் பக்கவாட்டு கொக்கியை இரண்டு விரலால் அழுத்தித் திறக்க முடியவில்லை; விரல் அதன்மேல் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, அழுத்தம் போகவில்லை. அப்புறம் உள்ளங்கையால் தட்டித் திறந்தேன். அன்றிலிருந்து கையுறை இல்லாமல் நான் கயாக்கைத் தண்ணீரில் தள்ளுவதில்லை.

ட்ரை சூட் விலை அதிகம்தான். வாங்க முடியாவிட்டால் கெட்டியான வெட் சூட்டாவது போடுங்கள், அதுவும் இல்லையென்றால் ஜூன் வரை கயாக்கைத் தொடாமல் நட் தீவின் மீன்பிடி மேடையில் நின்று தூண்டில் போடுங்கள். அங்கேயும் ஃப்ளவுண்டர் ஏறும்.

சட்டம் வேறு இருக்கிறது: மாசசூசெட்ஸில் செப்டம்பர் 15 முதல் மே 15 வரை கயாக்கில் இருப்பவர் லைஃப் ஜாக்கெட்டை உடம்பில் போட்டிருக்க வேண்டும். பின்னால் கட்டி வைத்திருந்தால் செல்லாது. நான் ஆகஸ்டிலும் கழற்றுவதில்லை.

ஏப்ரல் 5

தனி மடலில் இரண்டு பேர் கேட்டது: ஆமாம், 16 வயது நிறைந்த எல்லோருக்கும் கடல்மீன் அனுமதிச் சீட்டு வேண்டும், இணையத்திலேயே எடுக்கலாம். அளவு குறைந்தது 12 அங்குலம். கேப் காடுக்கு வடக்கே, அதாவது நம் பக்கம், ஒருவருக்கு நாளைக்கு 8. தெற்கே 2 மட்டும். விதி வருடத்துக்கு வருடம் மாறலாம் என்பதால் கிளம்புமுன் மாநில மீன்வளத் துறையின் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 6

மீன் கிடையாது என்ற பேச்சுக்கு வருகிறேன்.

க்வின்சியின் ஹௌஸ் நெக் முனைக்கு ஒரு காலத்தில் "உலகின் ஃப்ளவுண்டர் தலைநகரம்" என்று பெயர். வாடகைக்குச் சின்னப் படகு எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போய்ச் சாக்குச் சாக்காக மீன் கொண்டுவந்ததாகப் பழைய ஆட்கள் சொல்வார்கள். அப்போது அளவும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. அதே காலத்தில் பாஸ்டன் நகரத்துச் சாக்கடை முழுவதும் ஏறக்குறைய அப்படியே இந்தத் துறைமுகத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது. 1982-இல் க்வின்சி நகராட்சியின் வழக்கறிஞர் வில்லியம் கோல்டன் வொலஸ்டன் கடற்கரையில் ஓட்டப்பயிற்சிக்குப் போய் மலக் கழிவில் காலை வைத்தார். நகரத்தின் சார்பில் வழக்குப் போட்டார். அந்த வழக்கிலிருந்துதான் மாசசூசெட்ஸ் நீர்வள ஆணையம் பிறந்தது, டீர் தீவில் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. 1991 கடைசியில் கசடைத் துறைமுகத்தில் கொட்டுவது நின்றது. 1998-இல் நட் தீவில் இருந்த பழைய சுத்திகரிப்பு நிலையத்தை மூடினார்கள். 2000 செப்டம்பரில் சுத்திகரித்த நீரைப் பாறைக்கடியில் 15 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக மாசசூசெட்ஸ் விரிகுடாவுக்குக் கொண்டுபோனார்கள்.

இதில் ஃப்ளவுண்டருக்கு என்ன வேலை என்றால், இந்தத் துறைமுகம் எவ்வளவு கெட்டது என்பதற்குச் சாட்சியாக நின்றது அதன் ஈரல்தான். சேற்றிலேயே படுத்து, சேற்றுப் புழுவையே தின்று வாழ்கிற மீன். 1980-களில் டீர் தீவுப் பக்கம் பிடித்த மீன்களின் ஈரலில் கட்டிகள் இருந்தன. அதற்கப்புறம் வருடாவருடம் அதே இடத்தில் பிடித்து அறுத்துப் பார்த்துவந்தார்கள். 2004-க்குப் பிறகு கட்டி தென்படவில்லை. இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

ஆக, பழைய காலத்து எண்ணிக்கை இல்லை. ஆனால் மீன் இருக்கிறது, அதுவும் ஆரோக்கியமாக.

ஏப்ரல் 6, அதே நாள் இரவு

"அப்படியென்றால் தெற்கே ஏன் 2 மட்டும்?" நல்ல கேள்வி. முதலில் மிதமிஞ்சிப் பிடித்தார்கள். பிறகு பிடிப்பதைக் குறைத்தும் தெற்குப் பக்கத்து மீன் எழுந்து வரவில்லை, அங்கே கடல் சூடேறிக்கொண்டே போகிறது. இது குளிருக்கென்றே பிறந்த மீன். மற்ற தட்டை மீன்கள் பலவற்றின் முட்டை மிதக்கும். இதன் முட்டை அடியில் போய்க் கொத்தாக ஒட்டிக்கொள்ளும், அதனால் ஒரு விரிகுடாவில் பிறந்தது பெரும்பாலும் அந்த விரிகுடாவையே நம்பி வாழும். குளிர்காலம் கடுமையாக இருந்தால் மணல் இறால் சுருண்டு கிடக்கும், முட்டையும் குஞ்சும் தப்பும். இதமான குளிர்காலம் வந்தால் இறால் முன்கூட்டியே கிளம்பி மேயும். பனி குறைந்த வருடத்தை நாம் நல்ல வருடம் என்கிறோம், மீனுக்கு அது நல்ல வருடம் இல்லை.

ஏப்ரல் 10

சரி, தூண்டில். கேட்டவர் ஸ்ட்ரைப்பர் கோலைக் காட்டிப் படம் போட்டிருந்தார். அது வேண்டாம். ஃப்ளவுண்டரின் வாய் நம் கட்டைவிரல் நுனி நுழைகிற அளவுதான். லேசான கோல், 8-ஆம் எண் தூண்டில் முள், தண்டு நீளமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விழுங்கிவிடும், எடுக்க முடியாது. ஒரு அவுன்ஸ் ஈயக்குண்டு, நீரோட்டம் இழுத்தால் இரண்டு. அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் இரண்டு முள். முள்ளுக்கு மேலே மஞ்சள் மணி இரண்டு கோத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் நிறத்தை இங்கே எல்லோரும் நம்புகிறார்கள், நானும் நம்புகிறேன், ஒரே கயிற்றில் மஞ்சள் மணி போட்ட முள்ளுக்குத்தான் முதலில் வரும்.

இரை: பிளட்வார்ம் அல்லது சாண்ட்வார்ம், இரண்டும் கடற்புழுக்கள். முழுப் புழு போடாதீர்கள், ஒரு அங்குலத் துண்டு போதும். பிளட்வார்மைத் தலைக்குப் பின்னால் பிடிக்க வேண்டும். அது தொண்டையை வெளியே தள்ளும், நுனியில் நாலு கறுப்புப் பற்கள், கடித்தால் சுரீர் என்று இருக்கும். பெரும்பாலும் மெய்ன் மாநிலத்துச் சேற்றுத் திடல்களில் ஆட்கள் கையால் தோண்டி எடுத்து அனுப்புகிற புழு, அதனால்தான் அந்த விலை. புழு தீர்ந்துவிட்டால் மஸ்ஸல் என்கிற சிப்பியின் சதையும் ஆகும், ஆனால் முள்ளில் நிற்காது, மெல்லிய நூலால் சுற்ற வேண்டும்.

அடியில் விட்டுவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது. கோலின் நுனியை மெதுவாகத் தூக்கி ஈயக்குண்டைச் சேற்றில் தொப்பென்று விடுங்கள், மறுபடி தூக்கி விடுங்கள். அந்தக் கலங்கல்தான் மீனை அழைக்கிறது. இது கண்ணால் பார்த்து மேய்கிற மீன், பகலில்தான் தின்னும். சேறு கிளம்பினால் யாரோ மேய்கிறார்கள் என்று அக்கம்பக்கத்து மீன் பார்க்க வரும்.

கடி ஸ்ட்ரைப்பர் மாதிரி இருக்காது. கோல் கொஞ்சம் கனமாகத் தெரியும், அவ்வளவுதான். வெடுக்கென்று இழுக்க வேண்டாம், ஒரு மூச்சு விட்டு மெதுவாகத் தூக்குங்கள்.

ஏப்ரல் 12

நங்கூரம். கடைக்காரரிடம் நின்றவர் சொன்னதில் நியாயமான பயம் இது ஒன்றுதான்.

நங்கூரக் கயிற்றைக் கயாக்கின் நடுவில், உட்கார்ந்திருக்கிற இடத்தின் பக்கவாட்டில் ஒருபோதும் கட்டாதீர்கள். நீரோட்டம் இழுக்கும்போது அந்தப் பக்க விளிம்பு அழுந்தும், தண்ணீர் ஏறும், கயாக் புரண்டுவிடும். கயிறு முன்முனையிலிருந்தோ பின்முனையிலிருந்தோதான் போக வேண்டும். அதற்குத்தான் பக்கவாட்டில் முன்னிருந்து பின்வரை ஓடுகிற கயிறும் இரண்டு கப்பிகளும். உட்கார்ந்த இடத்தில் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, அந்த ஓடுகிற கயிற்றை இழுத்து, நங்கூரக் கயிறு போகிற வளையத்தை முனைக்கு அனுப்பலாம்.

நங்கூரம் ஒன்றரைக் கிலோ போதும். கயிறு ஆழத்தைப் போல மூன்று மடங்காவது விட வேண்டும். முக்கியம்: கயிற்றின் நம் பக்க முனையில் ஒரு மிதவை. பெரிய படகு நேரே வருகிறது, அல்லது நங்கூரம் சிக்கிவிட்டது என்றால் கொக்கியைத் தட்டிவிட்டுப் போய்விடலாம், மிதவை அங்கேயே நிற்கும், பிறகு வந்து எடுக்கலாம். எடுக்க முடியாமலும் போகலாம். போனால் போகட்டும். மார்பில் ஒரு கத்தி தொங்க வேண்டும், கைக்கு எட்டும் இடத்தில்.

நட் தீவுக்கும் பெடக்ஸ் தீவுக்கும் நடுவே உள்ள வெஸ்ட் கட்டில் கயாக்கில் நங்கூரம் போடாதீர்கள். ஹல் கட் பக்கம் போகவே வேண்டாம். பாஸ்டனில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் சராசரி 3 மீட்டர், அத்தனை தண்ணீரும் அந்தச் சந்துகள் வழியாகத்தான் போய் வருகிறது.

ஏப்ரல் 13

ஒருவர்: "நான் எப்போதும் பின்முனையில்தான் போடுகிறேன், நீங்கள் முன்முனை என்றீர்களே?" இரண்டும் சொன்னேன். அலை இல்லாமல் நீரோட்டம் மட்டும் என்றால் பின்முனை சௌகரியம், இரை நம் கண்முன்னே ஓட்டத்தோடு போகும். அலை எழும்பினால் முன்முனைக்கு மாற்றுங்கள், பின்பக்கம் தாழ்வாக இருப்பதால் தண்ணீர் உள்ளே ஏறும். ஆறடிக்குக் குறைந்த இடத்தில் நங்கூரமே வேண்டாம், சேற்றில் ஒரு நீளக் கழியைக் குத்திக் கட்டிக்கொள்ளலாம், சத்தமும் இருக்காது.

ஏப்ரல் 19

இரைக்கூடு பற்றி எழுத விட்டுப்போனது, இது இல்லாமல் இந்த மீன்பிடிப்பே இல்லை. வலைப்பையில் உடைத்த மஸ்ஸலை ஓட்டோடு போட்டு, ஒரு கல்லும் வைத்து, கயாக்கின் நேர் கீழே அடியில் படும்படி இறக்குங்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை பையை உலுக்குங்கள். மஸ்ஸலைக் கடையில் வாங்குங்கள். துறைமுகத்துக்குள் பொதுமக்கள் சிப்பி எடுக்க அனுமதி இல்லை, இரைக்காக என்றாலும் இல்லை. முந்தின இரவே உடைத்து உறையவைத்தால் மெதுவாகக் கரையும்.

டின் சோளத்தைத் தூவுகிறவர்களும் உண்டு. நானும் கொஞ்ச காலம் தூவினேன், அப்புறம் விட்டுவிட்டேன், மீன் வயிற்றில் முழுசு முழுசாக அப்படியே கிடக்கிறது. அது கடலில் விளைகிற பொருள் இல்லை, மஸ்ஸல் அங்கேயே இருப்பது.

ஒரு இடத்தில் இருபது நிமிடத்தில் கடி இல்லையென்றால் நகருங்கள். அதிக தூரம் வேண்டாம், கயாக் நீளத்துக்கு ஐந்தாறு மடங்கு போதும். ஃப்ளவுண்டர் திட்டுத்திட்டாகத்தான் படுக்கும். நல்ல இடம் என்பது சேறும் மஸ்ஸல் படுகையும் சந்திக்கிற விளிம்பு. ஈயக்குண்டு சொல்லிவிடும்: சேற்றில் விழுந்தால் மெத்தென்று இருக்கும், சிப்பியில் விழுந்தால் கையில் கிறுகிறுவென்று அதிரும்.

ஏப்ரல் 26

இன்று போய் வந்தேன். வொலஸ்டனிலிருந்து உயர் ஏற்றத்துக்குத் தள்ளினேன். ஹேங்மன் தீவுப் பக்கம் ஒன்றும் இல்லை. திரும்பி உள்ளே வந்து எட்டடித் தண்ணீரில், சேற்றில், வற்றம் பாதி ஆனபோது ஆரம்பித்தது. நல்ல கறுத்த முதுகு, அடி பால் வெள்ளை. பெரியது 15 அங்குலம்.

ஒரு மீனைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். வயிற்றிலிருந்து வால் பக்கமாக இரண்டு நீள முக்கோண நிழல் உடம்புக்குள் தெரிந்தது. சினை. இந்த நிழல் கெட்டியாகத் தெரிந்தால் நான் விட்டுவிடுகிறேன், சட்டம் கேட்கவில்லை என்றாலும். ஒரு பெண் மீன் ஐந்து லட்சம் முட்டைகூட இடும், அது முட்டையிட்டுவிட்டு வரட்டும், மே மாதம் பிடித்துக்கொள்ளலாம். சினை போட்டு முடித்த மீன் ஒல்லியாக, பசியோடு இருக்கும், குளிர்காலம் முழுக்க ஏறக்குறையப் பட்டினி கிடந்த மீன் அல்லவா, அதுதான் நன்றாகக் கடிக்கும்.

ஏப்ரல் 27

நேற்றைய குறிப்பைப் பார்த்து "எல்லா வற்றத்திலும் கடிக்குமா" என்று கேட்கிறார்கள். இல்லை. நானும் நேற்று இரவு யோசித்துப் பார்த்தேன். வற்றம் என்பதைவிட வெயில்தான் காரணம் என்று தோன்றுகிறது. காலையில் திடல்கள் தண்ணீருக்கு வெளியே காய்ந்து, அந்தக் கறுப்புச் சேறு வெயிலில் சூடேறும். பகலில் ஏற்றம் அதன்மேல் மெல்லிசாகப் பரவிச் சூட்டை வாங்கிக்கொள்ளும், பிற்பகல் வற்றத்தில் அந்த வெதுவெதுப்பான தண்ணீர் வாய்க்கால்கள் வழியாக இறங்கி வரும். மீன் அந்த வாய்க்கால் வாயில் காத்திருக்கும். 1 டிகிரி கூடினாலும் ஏப்ரலில் பெரிய விஷயம். மேகமூட்டமான நாளில் அதே வற்றத்தில் ஒன்றும் கிடைக்காமல் திரும்பியிருக்கிறேன். மே நடுவில் தண்ணீர் எல்லா இடமும் சூடான பிறகு இந்தக் கணக்கு செல்லாது, அப்போது ஏற்றத்தின் தொடக்கம் நன்றாக இருக்கும்.

இதோடு கரை திரும்பும் சங்கடம் ஒன்று இருக்கிறது. வொலஸ்டனில் கடைசி வற்றத்துக்கு வந்தால் கடல் வெகுதூரம் பின்வாங்கியிருக்கும். முழங்கால் சேற்றில் கயாக்கை இழுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கும். ட்ரை சூட்டின் கால் பகுதியில் சிப்பி ஓடு குத்திக் கிழித்தால் அந்த வருடச் செலவு அதோடு போச்சு. தண்ணீர் இருக்கும்போதே திரும்புங்கள், அல்லது ஏற்றம் திரும்பும்வரை வெளியே காத்திருங்கள்.

மே 3

காற்று. போன வாரம் ஒருவர் "காலையில் கண்ணாடி மாதிரி இருந்தது, பன்னிரண்டு மணிக்கு அடித்து நொறுக்கிவிட்டது" என்று எழுதியிருந்தார். வசந்த காலத்தில் வெயில் நாளில் இது ஏறக்குறைய நிச்சயம். உள்நாட்டு நிலம் சூடேறும், கடல் குளிர்ந்தே கிடக்கும், நண்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று புறப்படும். க்வின்சி பே வடகிழக்குப் பக்கம் திறந்து கிடப்பதால் அலை நேரே உள்ளே வரும். கரையில் 20 டிகிரி இருந்தது அரை மணியில் 12 ஆகும். கடற்காற்று கரையை நோக்கித் தள்ளுவதால் திரும்புவது சுலபம் என்று நினைக்கலாம், ஆனால் வற்றமும் எதிர்க்காற்றும் மோதுகிற இடத்தில் அலை குட்டையாகச் செங்குத்தாக எழும், அதில் நங்கூரம் எடுப்பதுதான் கஷ்டம். காற்று எழும்புமுன் நங்கூரத்தை எடுத்துவிடுங்கள்.

உதவி கேட்டுப் பேசுவதற்குக் கையடக்கக் கடல் வானொலி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், 16-ஆம் அலைவரிசை. கைபேசி ஈரக் கையில் வேலை செய்யாது.

மே 4

"கண் எந்தப் பக்கம்?" மீனின் கண் உள்ள பக்கம் நம்மைப் பார்க்கும்படி, வயிறு கீழே இருக்கும்படி பிடியுங்கள். தலை வலது பக்கம் நோக்கினால், வாயும் சின்னதாக இருந்தால், விண்டர் ஃப்ளவுண்டர். இடது பக்கம் நோக்கி, வாய் அகலமாக, பல்லோடு இருந்தால் ஃப்ளூக் என்கிற வேறொரு தட்டை மீன், அதற்கு விதி வேறு. இடது பக்கம் நோக்கி, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லியதாக இருந்தால் விண்டோபேன், விட்டுவிடுங்கள்.

குஞ்சாக இருக்கும்போது இதுவும் மற்ற மீன்கள் மாதிரி நிமிர்ந்துதான் நீந்தும், இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண். வளரும்போது இடது கண் தலையைச் சுற்றி வலது பக்கம் போய்ச் சேரும், அதற்கப்புறம்தான் படுக்கும்.

மே 4, பிறகு

படுக்கை என்றதும் ஒருவர் குளிர்காலத்தில் இது உறையாமல் எப்படிப் படுத்திருக்கிறது என்று கேட்டார். கடல்நீர் உறைவது ஏறக்குறைய -1.9 டிகிரியில். சாதாரண மீனின் ரத்தம் அதற்கு முன்பே, -0.7 அளவிலேயே உறையும். ஃப்ளவுண்டரின் ரத்தத்தில் ஒரு புரதம் இருக்கிறது, சின்னப் பனித் துணுக்கு உருவானவுடன் அதன்மேல் ஒட்டிக்கொண்டு அதை வளரவிடாது. இலையுதிர் காலத்தில் பகல் குறையக் குறைய உடம்பு இதைத் தயாரிக்க ஆரம்பிக்கும், வசந்தத்தில் குறைந்துபோகும். இந்தப் புரதத்தை 1970-களிலிருந்தே விஞ்ஞானிகள் ஆராய்ந்துவருகிறார்கள். பனிக்கட்டி மிதக்கிற ஜனவரியில் இந்த மீன் உள்ளே வந்து முட்டையிடத் தயாராகிறது, மற்ற மீன்கள் பல ஓடிப்போன நேரத்தில். எனக்கு இந்த மீன்மேல் இருக்கிற மரியாதைக்குப் பாதிக் காரணம் இதுதான்.

மே 11

முதல் கேள்வி கேட்ட தம்பி படம் போட்டிருக்கிறார்! 13 அங்குலம், கயாக்கின் மேல், அளவுகோலோடு. கையுறை தெரிகிறது, லைஃப் ஜாக்கெட் தெரிகிறது, மிதவையும் தெரிகிறது. மிகவும் சந்தோஷம். "சமைப்பது எப்படி" என்று கேட்டிருக்கிறார்.

குழம்புக்கு எடுக்காதீர்கள். நம் ஊர் நாக்கு மீன் தெரிந்தவர்களுக்குச் சொன்னால் புரியும், சதை அதே மாதிரி மெல்லியது, புளியில் கொதித்தால் உதிர்ந்துவிடும். தலையையும் குடலையும் எடுத்துவிட்டு, கறுப்புப் பக்கத்துச் செதிலைச் சுரண்டி, முழுசாகவே வைத்து இரண்டு பக்கமும் குறுக்கே நாலு கீறல் போடுங்கள். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, கொஞ்சம் எலுமிச்சை, கடைசியில் அரிசிமாவு ஒரு கரண்டி. அரை மணிக்கு மேல் ஊறவைக்க வேண்டாம். இரும்புக் கல் நன்றாகக் காய்ந்த பிறகு போட்டு, ஒரே ஒருமுறை திருப்புங்கள். ஓரத்துத் துடுப்பு எலும்பு மொறுமொறுவென்று ஆகிவிடும், அதையும் சேர்த்துத் தின்னலாம். நடு எலும்பை வாலிலிருந்து தூக்கினால் முழுசாக வந்துவிடும்.

பிடித்தவுடன் பனிப்பெட்டியில் வைக்க வேண்டும். கயாக்கின் தரையில் வெயிலில் போட்டுவைத்தால் வழுவழுப்பு காய்ந்து தோலும் உரியாது, வாடையும் வரும்.

மே 18

எட்டு வரை எடுக்கலாம் என்று இருக்கிறதே, ஏன் நீங்கள் நாலோடு நிறுத்துகிறீர்கள் என்று ஒருவர். வீட்டில் நாலு பேர், ஆளுக்கு ஒன்று. அதற்கு மேல் உறையவைத்தால் இந்தச் சதைக்கு ருசி போய்விடும். தெற்கே இந்த மீன் எப்படி இருந்த இடத்தில் இப்போது எப்படி ஆகியிருக்கிறது என்று தெரிந்த பிறகு எட்டு எடுக்க எனக்கு மனம் வரவில்லை. எடுப்பவரைத் தவறு சொல்லமாட்டேன், விதிக்குள்தான் இருக்கிறார். ஆனால் முள்ளை விழுங்கிய சின்ன மீனின் தொண்டையைப் பிய்த்து முள்ளை எடுப்பவரைக் கண்டால் சொல்லத்தான் செய்வேன்: தூண்டில் நரம்பை வாயருகே வெட்டிவிட்டு மீனை விடுங்கள், ஒரு முள் என்ன விலை.

ஜூன் 8

ஸ்ட்ரைப்பர் நிறைய வந்துவிட்டது, எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். திடல்களில் தண்ணீர் 15 டிகிரியைத் தொடுகிறது, ஃப்ளவுண்டர் ஆழமான வாய்க்கால்களுக்கும் வெளியே விரிகுடாவுக்கும் நகர்கிறது. கயாக்கில் பின்தொடர்ந்து போகலாம், ஆனால் அங்கே கப்பல் வழி, பயணிகள் படகு, நான் போவதில்லை. அக்டோபர் கடைசியில் தண்ணீர் குளிர்ந்ததும் கொஞ்சம் திரும்பி வரும், அப்போது பார்க்கலாம்.

ஜூன் 9

மீந்த பிளட்வார்மை என்ன செய்வது என்று கேட்டவருக்கு: ஈரமான செய்தித்தாளில் சுற்றிக் குளிர்பெட்டியின் கீழ்த் தட்டில் வைத்தால் சில நாள் உயிரோடு இருக்கும். தினமும் செத்ததை எடுத்துவிடுங்கள், ஒன்று அழுகினால் எல்லாம் போகும். குழாய்த் தண்ணீர் படக்கூடாது. அதோடு வருகிற கடற்பாசியைத் தயவுசெய்து கடலில் கொட்டாதீர்கள். அது வேறு கடற்கரையிலிருந்து வந்தது, அதற்குள் சின்ன நத்தையும் நண்டுக் குஞ்சும் ஒட்டிக்கொண்டு வரும். குப்பையில் போடுங்கள்.